ஜாக்குக்க மகன்

இடது கையா வலது கையா என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அருளப்பன் இரண்டு சட்டைக்கைகளையும் முழங்கைக்கு மேலே சுருட்டி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த தகப்பன்மார் யாரும் அப்படிச் செய்யவில்லை. ரத்தம் எடுக்கும்போது சுருட்டினால் போதாதா, இப்போதே என்ன அவசரம் என்று அவருக்கே தோன்றியது. ஆனால் சுருட்டினதை இறக்கினால் அப்படியே எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவோமோ என்று பயமாகவும் இருந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து வராந்தா. ஸ்பிரிட் வாடை, அதற்கு அடியில் வேறொரு வாடை, அது என்ன என்று யோசிக்க அவர் தயாராக இல்லை. கதவுக்கு உள்ளே இருந்து ஒரு நர்ஸ் பிள்ளை மலையாளம் கலந்த தமிழில் ஒவ்வொரு ஆளாகக் கூப்பிட்டாள். தகப்பன்மாரின் பேரைச் சொல்லவில்லை, புயலில் காணாமல் போன பிள்ளைகளின் பேரைச் சொல்லி வாலில் ஒரு அப்பாவைச் சேர்த்தாள். வில்சன்டெ அப்பா. தாம்சன்டெ அப்பா. கூப்பிட்டதும் பெஞ்சில் ஒருத்தர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார், மற்றவர்கள் அவர் விட்ட இடத்துக்கு நகர்ந்தார்கள். புயல் போய் ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. கடலில் இருந்து எடுத்த உடல்கள் சில உள்ளே குளிரில் கிடக்கின்றன, முகம் பார்த்துச் சொல்லும் நிலையில் ஒன்றுகூட இல்லை, ரத்தம் எடுத்து ஒத்துப் பார்த்துத்தான் யார் பிள்ளை என்று சொல்வார்கள், ஒத்துப்போனால் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்புவார்கள். பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் இவ்வளவுதான் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார், அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அருளப்பன் இன்று மற்ற தகப்பன்மாரைப்போல வெறும் துக்கத்தோடு உட்கார்ந்திருப்பார். தகப்பனோ தாயோ, யாராவது ஒருத்தர் ரத்தம் கொடுத்தால் போதும் என்றார்.

கோயிலை விட்டு வெளியே வந்து, சிலுவை நிற்கும் குருசடியைத் தாண்டுவதற்குள் மனைவி ரெஜினாள் சொல்லிவிட்டாள், "நான் போறேன், நீங்க வரவேண்டாம்" என்று. நடந்துகொண்டே, தலை முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நீங்க வரவேண்டாம். ஏன் வரவேண்டாம்? அன்றிலிருந்து இந்த ஒரு கேள்வி அவர் மண்டைக்குள் ஈயைப்போலச் சுற்றுகிறது. விரட்டினால் போய் வேறொரு இடத்தில் உட்காரும். உடம்புக்கு முடியாது என்று சொல்லியிருக்கலாம், அவருக்கு முடியாமல் இல்லை. வேலை கெடும் என்று சொல்லியிருக்கலாம், புயலுக்குப் பிறகு யாருக்கு வேலை. அப்படி ஏதாவது ஒரு பொய்க் காரணம் சொல்லியிருந்தால்கூட அவர் சரி என்று வீட்டில் இருந்திருப்பார். காரணமே இல்லாமல் வரவேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? தகப்பன் ரத்தம் வேண்டாம் என்று அர்த்தம். தகப்பன் ரத்தம் ஏன் வேண்டாம்? அந்த இடத்துக்கு வந்ததும் அருளப்பன் ஒவ்வொரு தடவையும் அவசரமாகத் திரும்பிக்கொள்வார், பெற்ற பிள்ளை குளிரில் கிடக்கிறானோ கடலில் கிடக்கிறானோ தெரியாத நேரத்தில் எதை நினைக்கிறாய் நாயே என்று தன்னையே திட்டுவார். பெற்ற பிள்ளை என்று நினைத்ததும் ஈ திரும்பி வந்துவிடும். "நானும் வாறேன்" என்று மட்டும் அவளிடம் சொன்னார். அவள் நின்று அவரை ஒரு தடவை பார்த்தாள். இன்று விடியற்காலை பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், நடுவில் பை, இந்த ஓரம் அவர். இப்போது எதிர்ப்பக்கத்துப் பெஞ்சில் மற்ற பெண்களோடு உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருக்கிறாள். உதடு அசைகிறது. எதற்காக அசைகிறது என்று அவருக்குத் தெரியும். ஒத்துப்போகணும், பிள்ளை கிடைக்கணும், ஊரில் கொண்டுபோய் அடக்கணும். அதுவும் ஒரு வேண்டுதலா என்று கேட்டால், இந்த வராந்தாவில் அதற்கு மேல் வேண்ட ஒன்றும் மிச்சமில்லை.

இருபத்து மூன்று வருஷத்துக்கு முந்தி, டிசம்பரில், கோட்டாறு சவேரியார் திருவிழா முடிந்த மறுநாள் அவர் விமானம் ஏறினார். கத்தாரில் ஒரு அரபியின் படகில் மீன்பிடிக்க. கலியாணமாகி முழுசாக ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை. பிள்ளை பிறந்தது அடுத்த செப்டம்பரில், மாதா பிறந்த திருநாளன்று. டெலிபோனில் அண்ணன்தான் சொன்னான், ஆம்பிளைப் பிள்ளை, நல்ல எடை என்று. அருளப்பன் படகில் இருந்த எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், அரபிக்குக்கூட. ஊருக்கு வந்த பிறகு கரையில் வலை காயப்போடும் இடத்தில் ஒருத்தன் கேட்டான், யார் என்பதுகூட இன்று மறந்துவிட்டது, கேட்டது மட்டும் மறக்கவில்லை. "மாதாவுக்க பெறந்த நாளுக்குன்னு பிள்ள வயித்துலயே காத்துக் கெடந்துச்சோ வேய்?" எல்லாரும் சிரித்தார்கள். அருளப்பனும் சிரித்தார். அவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். வீட்டுக்குப் போய் விரலை மடக்கி மாதங்களை எண்ணினார், சரியாகத்தான் வந்தது, கொஞ்சம் தள்ளிப்போன மாதிரியும் வந்தது. திரும்பவும் கத்தாருக்குப் போனபோது அங்கே கிளினிக்கில் ஒரு கோட்டயத்துக்காரனிடம் யாரோ சினேகிதனுக்காகக் கேட்பதுபோலக் கேட்டார், பிள்ளை பத்துப் பதினைந்து நாள் தாமதித்துப் பிறக்குமா என்று. அதெல்லாம் சாதாரணம், முதல் பிள்ளை அப்படித்தான் வரும் என்று அவன் சொன்னான். அன்று ராத்திரி அருளப்பன் நிம்மதியாகத் தூங்கினார். காலையில் எழுந்ததும், அவன் டாக்டர் இல்லையே, மருந்து எடுத்துக் கொடுக்கிறவன்தானே என்று தோன்றியது. அதற்குப் பிறகு அவர்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. பிறந்திருந்தால் ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தாவது மனசு ஆறியிருக்கும். ஒற்றைப் பிள்ளையை எதனோடு ஒத்துப் பார்ப்பது? தன்னோடுதான். காது தன் காது மாதிரி இருக்கிறதா, அவருக்குக் காது மடல் ஒட்டியிருக்கும், அவனுக்குத் தொங்கியது. கால் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம், அது அவருக்கும் உண்டு, ஆனால் கரையில் பாதிப் பேருக்கு உண்டு. அவன் யோசிக்கும்போது இடது காலில் மட்டும் பாரத்தைப் போட்டு நிற்பான். அப்படியே அப்பன் நிக்கான் பாரு என்று யாராவது சொன்னால் அன்றைக்கு வீட்டுக்கு நல்ல மீனாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போவார். மறுநாள், பார்த்துப் பார்த்துப் படிச்சிருப்பான், நிற்கிறதுக்கு ரத்தம் எதுக்கு என்று தோன்றிவிடும். இப்படியே ஒரு ஆள் இருபத்திரண்டு வருஷம் வாழ முடியுமா என்று கேட்டால், முடியும். சாப்பாடு, தூக்கம், பூசை, கடல், எல்லாம் நடக்கும். பிள்ளையை மட்டும் இடுப்பில் தூக்கி வைக்கும்போது ஒரு நொடி தாமதிக்கும். பிள்ளைகளுக்கு அந்த ஒரு நொடி தெரியும்.

"நெல்சன்டெ அப்பா. ராபின்சன்டெ அப்பா" என்று நர்ஸ் கூப்பிட்டாள். இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த ததேயு மட்டும் எழுந்தார். இரண்டும் அவர் பிள்ளைகள், இரண்டும் ஒரே போட்டில் போனவை. எழுந்தவர் நாலடி வைத்துத் திரும்பி வந்து அருளப்பனின் காதுக்கருகில் குனிந்தார். "ஒரு தடவ குத்துனா ரெண்டு பேருக்கும் காணும்லா வேய்?" என்று கேட்டார். காணும், போதும் என்று அருளப்பன் தலையாட்டினார். ததேயு திருப்தியோடு உள்ளே போனார். வில்சன், தாம்சன், நெல்சன், ராபின்சன். கூப்பிடக் கூப்பிட எல்லாப் பேரும் ஒரே வாலில் வந்து முடிவதை நர்ஸ் பிள்ளை கவனித்திருப்பாளோ என்னவோ. அருளப்பன் தலைமுறையில் சூசை, மிக்கேல், ததேயு, அந்தோணி என்று இருந்த கரையில், அடுத்த தலைமுறைக்கு எங்கிருந்தோ இந்தச் சன் வந்து ஒட்டிக்கொண்டது. கேட்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். ஒருத்தன் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் பார்த்து வைத்தான், ஒருத்தன் மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்த டாக்டரின் பேரை வைத்தான், கிழக்குத் தெருவில் ஒரு மகராசன் எஞ்சின் வந்த மரப்பெட்டியில் எழுதியிருந்த பேரையே பிள்ளைக்கு வைத்து ஞானஸ்நானமும் கொடுத்துவிட்டான். அருளப்பன் கத்தாரில் இருந்து வந்தபோது அவர் பிள்ளைக்கும் பேர் வைத்தாகிவிட்டது. ஜாக்சன். யாருக்க ஏற்பாடு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரெஜினாள் சொல்லியிருப்பாள். அவர் கேட்காமல் விட்டவற்றை அடுக்கினால் வீட்டுக் கூரையைத் தொடும்.

பேருக்கு அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டு வந்தது அவன்தான். பிளஸ் டூ படிக்கும்போது. அருளப்பன் வாசலில் உட்கார்ந்து தூண்டில் கயிற்றில் கொக்கி கட்டிக்கொண்டிருந்தார், அவன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்து எதிரே குத்தவைத்தான். "அப்பா, எனக்க பேரு பேரே இல்ல, தெரியுமா?" பொறவு என்னது என்று இவர் கேட்டார். "குடும்பப் பேரு. வெள்ளக்காரனுக்கு சொந்தப் பேருக்குப் பின்னால ஒண்ணு வரும்லா, அது. நம்மாளுவ பின்னால கெடந்தத எடுத்து முன்னால வச்சிட்டாவ." அவனுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. கரையில் உள்ள எல்லாப் பையன்களும் தலைகீழாகப் பேர் வைக்கப்பட்டவர்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அருளப்பனுக்கும் சிரிப்பு வந்தது, இன்றைக்கு நினைத்தால் அதுதான் தாங்க முடியவில்லை, அந்த இடம் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. "முன்னால அங்க எல்லாருக்கும் ஒத்தப் பேருதான்பா. ஒரு ஊருல பத்து ஜானு, பத்து வில்லியம். வரி பிரிக்க வாறவனுக்கு ஆளு தெரியாண்டாமா? இன்னாருக்க மகன்னு சொல்லிக் குறிச்சிருவான். வில்லுக்க மகன் வில்சன். ராபினுக்க மகன் ராபின்சன். சன்னுன்னா மகன்லா. பொறவு அந்த மகன் செத்து பேரன் வந்தாலும் பேரு மாறல்ல, அப்பிடியே ஒறஞ்சு போச்சு. நம்ம இனிஷியல் மாதிரிதான், ஆனா நம்மது அப்பனுக்கு அப்பன் மாறும். அவிய இன்னைக்கும் எவனோ ஒரு பழைய ஆளுக்க மகன்." கையில் கொக்கி, உதட்டில் கயிறு, அப்படியே அருளப்பன் கேட்டார், கேட்டிருக்கக் கூடாது, "அப்ப ஒனக்க பேரு?" "ஜாக்குக்க மகன்" என்றான் அவன். சிரித்த முகம், ஏதோ நல்லது சொல்லப் போகிறவன் மாதிரி. "ஜாக்குன்னா யாரு தெரியுமா..." என்று அவன் ஆரம்பித்தபோது கொக்கி அவர் கட்டைவிரலில் ஏறிவிட்டது. எழுந்துவிட்டார். "முழுசும் கேளுங்கப்பா" என்று அவன் பின்னால் கூப்பிட்டது கேட்டது. அதற்குள் அவர் வேலி தாண்டியிருந்தார். விரலில் இருந்து ரத்தம் மணலில் சொட்டியது. அன்றைக்கு அதை யாரும் எடுத்து எதனோடும் ஒத்துப் பார்க்கவில்லை.

ஜாக்கைத் தேடினார். சொன்னால் வெட்கக்கேடு, ஆனாலும் தேடினார். வெள்ளைக்காரனின் நாட்டில் அறுநூறு வருஷத்துக்கு முந்தி செத்துப்போன ஒருத்தன் என்று அவருக்குப் புத்தியில் தெரியும். மனசு கரையோரமாக வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியது. ஜாக் என்று அங்கே ஒருவனும் இல்லை. ஐஸ் கம்பெனியில் கொல்லத்துக்காரன் ஜேக்கப் இருந்தான், வெள்ளையாக, சுருட்டை முடியோடு, பெண்களிடம் சிரித்துப் பேசுகிறவன். ஜேக்கப்பும் ஜாக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று ஒரு வருஷம் அவனை முறைத்துக்கொண்டே ஐஸ் வாங்கினார். பிறகுதான் தெரிந்தது, ஜேக்கப் இந்தக் கரைக்கு வந்ததே பிள்ளைக்கு ஐந்து வயசான பிறகு என்று. அன்றைக்கு அருளப்பன் ஜேக்கப்புக்கு ஒரு நல்ல சீலா மீனைச் சும்மா கொடுத்தார், அவன் எதற்கென்று தெரியாமல் வாங்கிக்கொண்டான். ஆனால் ஜேக்கப் இல்லை என்று ஆனதும் அந்த இடம் காலியாக இருந்தது, காலியாக இருப்பது அதைவிட மோசம், யாரை வேண்டுமானாலும் அதில் உட்கார வைக்கலாம். பிளஸ் டூ முடித்துவிட்டு ஜாக்சன் கேட்டான், "அப்பா, நான் ஒங்ககூட வாறேன்." அருளப்பனிடம் சின்ன பைபர் வள்ளம், காலையில் போனால் மத்தியானம் கரை. இரண்டு பேர் தாராளமாகப் போகலாம், ஒரு பங்கு வீட்டிலேயே நிற்கும். வேண்டாம் என்றார். ஒரே வள்ளத்தில், முகத்துக்கு முகம், தண்ணீருக்கு நடுவில், அந்தக் காதையே பார்த்துக்கொண்டு அவரால் இருக்க முடியாது. "ஒனக்கு வேற போட்டு பாரு" என்றார். அவன் இடது காலில் பாரத்தைப் போட்டுக் கொஞ்ச நேரம் நின்றான். பார்த்துக்கொண்டான். மாதக் கணக்கில் கரை காணாமல் சுறா பிடிக்கப் போகும் பெரிய போட்டில் ஏறினான். புயல் வந்த அன்று அருளப்பனின் வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது, அவர் வீட்டுக்குள் இருந்தார், தகரம் பறக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு. அவரோடு வந்திருந்தால் அவனும் வீட்டுக்குள் இருந்திருப்பான். வெளியே போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லியிருப்பான், போகாதே என்று அவர் ஒரு அதட்டு போட்டிருப்பார். அந்த அதட்டை இந்த ஒரு மாதமாக எத்தனை தடவை போட்டுவிட்டார்.

ஒத்துப்போனால் அவன் செத்துவிட்டான். ஒத்துப்போகாவிட்டால், அவன் வேறு எங்கோ இருக்கிறான், லட்சத்தீவில், மாலத்தீவில், எவனோ ஒருவன் கப்பலில், அப்படி நாலு பேர் ரெண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தார்கள்தானே. இல்லை, ஒத்துப்போகாவிட்டால் அவன் இங்கேயே, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கமே கிடக்கிறான், அருளப்பனின் ரத்தம் அவனை யாரென்று தெரியாது என்று சொல்லிவிட்டது, அவ்வளவுதான். அப்போது என்ன ஆகும்? நம்பர் போட்டு வைப்பார்கள். யாரும் வராவிட்டால் எங்கோ ஒரு பொதுக் குழியில் போட்டு மூடுவார்கள், கோயில் மணி இல்லாமல், அவன் அம்மா ஒரு பிடி மண் போடாமல். அவள் கொடுத்திருந்தால் ஒத்துப்போயிருக்கும். இவர் வீம்புக்கு வந்து உட்கார்ந்து, தன் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அவனை நடுத்தெருவில் விட்ட மாதிரி ஆகிவிடும். அப்படியானால் எழுந்து அவளிடம் நீயே போ என்று சொல்லவேண்டியதுதானே? அவருக்குக் கால் வரவில்லை. எழுந்து போகலாம் என்று நினைக்கும்போது, அப்ப நிஜம்தான், அதனால்தான் எழுந்திருக்கிறாய் என்று ஈ வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தால் பொதுக்குழி தெரிந்தது. ததேயு வெளியே வந்தார், கைமடக்கில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, குழந்தையைப்போல அதையே பார்த்துக்கொண்டு. "ஒண்ணும் தெரியல்ல வேய், எறும்பு கடிச்சது போலதான்" என்றார். பிறகு அவர் முகம் ஒரு பக்கமாகக் கோணி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"ஜாக்சன்டெ அப்பா வந்தோ?"

அருளப்பன் எழுந்தார். எதிர்ப்பக்கம் ரெஜினாளும் எழுந்தாள். கதவுக்கு இரண்டடி முன்னால் அவருடைய வழியில் வந்து நின்றாள், செபமாலை மணிக்கட்டில் சுற்றியிருந்தது. கலியாணமான நாளிலிருந்து அவள் அப்படி அவர் வழியை மறித்து நின்றதில்லை.

"குடுக்கப் போறியளா?" என்று கேட்டாள்.

"ஏன் என்னை வரவேண்டாம்னு சொன்ன?" கேட்டுவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் கேட்ட முதல் கேள்வி இது என்று அவருக்கே அப்போது தெரிந்தது.

ரெஜினாளுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. வெகுநாளாகக் காத்திருந்த பஸ் வந்து நின்றால் ஏறுகிறவளைப்போலச் சாதாரணமாகச் சொன்னாள். "நீங்க மனசுல போட்டு எண்ணிக்கிட்டே கெடந்தது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியளா? ஒங்க கூட ஒரே பாயில கெடக்கேன். எனக்க மேல பழி போட்டிய, செரி, அது எனக்கும் மாதாவுக்கும் தெரியும். ஒத்துத்தான் போவும். ஒத்துப்போன பொறவு நீங்க என்ன செய்விய? அவன வள்ளத்துல ஏத்தாம போவச் சொன்னியள, அத எங்க கொண்டு வைப்பிய? தெரியாமலே கெடந்தா நெஞ்சுல ஒரு ஓரத்துலயாவது ஒளிச்சி வச்சிக்கிடலாம். அதுக்குத்தான் வரவேண்டாம்னேன்."

கதவுக்கு உள்ளே யாரோ கண்ணாடிக் குழாய்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கும் சத்தம் கேட்டது. அவர் கேட்க நினைத்தது வேறு ஏதோ, வாயில் வந்தது இதுதான். "அந்தப் பேரு."

"எந்தப் பேரு?"

"அவனுக்க பேரு. யாரு வச்சது?"

அவள் அவரைப் பார்த்தாள். இத்தனை நேரமும் இல்லாத ஒன்று, இரக்கம் என்று சொல்லலாம், அப்போதுதான் அவள் முகத்தில் வந்தது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று அருளப்பனுக்கு இருந்தது. "பழைய சாமியாரு வச்சது. ஞானஸ்நானத்துக்குக் கொண்டு போனப்ப, தகப்பன் பேரு என்னான்னு கேட்டாரு. அருளப்பன், கத்தார்ல இருக்காவன்னு சொன்னேன். அப்ப ஜாக்சன்னு வையின்னாரு. அருளப்பர்னா வெள்ளக்காரனுக்கு ஜானு, ஜானை அவிய வீட்டுல செல்லமா ஜாக்குன்னுதான் விளிப்பாவளாம். அருளப்பனுக்க மகன்னு அர்த்தமாம். தகப்பன் பக்கத்துல இல்லாத பிள்ள, பேருலயாவது தகப்பன் கூட இருக்கட்டும்னு சொன்னாரு." செபமாலையை மணிக்கட்டில் இறுக்கிக்கொண்டாள். "அவனும் போன்ல தேடிக் கண்டுபிடிச்சானே. ஒங்ககிட்டச் சொல்லணும்னு ஓடி வந்தானே. சொல்லல்லியா?"

முழுசும் கேளுங்கப்பா. ஜாக்குன்னா யாரு தெரியுமா. நீங்கதான்பா. அவன் சொல்ல வந்தது அதுதான். குத்தவைத்த இடத்தில், போனைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தச் சிரித்த முகத்தோடு, வாயில் இருந்த அந்த ஒரு சொல்லோடு அவன் அப்படியே இருந்தான், அப்பன் வேலி தாண்டுவதைப் பார்த்துக்கொண்டு. அதற்குப் பிறகு அவன் அதைச் சொல்லவில்லை. ஒரு தடவை பாதியில் எழுந்து போனவரிடம் மறுபடி சொல்லிப் பார்க்க அவனுக்கு என்ன தலைவிதியா. அவர் கரை முழுக்கத் தேடின ஜாக், ஐஸ் கம்பெனி வாசலில் நின்று தேடின ஜாக், ராத்திரியில் தன் பாயில் படுத்துக்கொண்டு தேடின ஜாக். அருளப்பன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். அழுகை வரவில்லை, வந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்தக் காரணம்கூட ஒன்றையும் நிரூபிக்கவில்லை, பேரை யார் வேண்டுமானாலும் வைக்கலாம், சாமியாருக்கு என்ன தெரியும் என்று பழைய ஈ ஒரு தடவை வந்து பார்த்தது. உட்கார இடமில்லாமல் போய்விட்டது. அவ்வளவு வருஷமாக இல்லாத நிச்சயம் இப்போது, இந்த வராந்தாவில், ஒன்றுக்கும் உதவாத நேரத்தில் வந்து சேர்ந்தது. அவன் என் மகன். அருளப்பனுக்க மகன். நான் அவனைத்தான் வேறு போட்டுக்கு அனுப்பினேன்.

"ஜாக்சன்டெ அப்பா இல்லே?" நர்ஸ் தலையை நீட்டினாள். "அம்மா ஆனாலும் மதி. ஆராவது வாங்க."

"நான் போறேன்" என்றாள் ரெஜினாள். "நீங்க இருங்க. எனக்கு அவனப் பொதைக்கணும், அது மட்டும் போதும்."

"நான்தான் அப்பா" என்றார் அருளப்பன்.

அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார். அவள் தடுக்கவில்லை, தடுத்திருந்தாலும் நின்றிருக்க மாட்டார், கூப்பிட்டது அவரைத்தான். கதவிலிருந்து அந்த ஸ்டூல் வரைக்கும் ஏழெட்டு அடி இருக்கும், அந்தத் தூரத்துக்குள் அருளப்பன் தன் வாழ்நாளில் வேண்டியிராத ஒன்றை மாதாவிடம் வேண்டிவிட்டார். ஒத்துப்போகக் கூடாது. இத்தனை வருஷமும் எதற்கு நடுங்கினாரோ அதையே கேட்டார். தாயே, இந்தச் சுவருக்குப் பின்னால் கிடக்கிற ஒருத்தனும் எனக்க மகனா இருக்கக் கூடாது. இவிய ஒருத்தரையும் எனக்க ரத்தம் அறியக் கூடாது. வெளியே அவள் ஒத்துப்போகணும் என்று மணியை உருட்டிக்கொண்டிருப்பாள், ஒரே வீட்டிலிருந்து ஒரே மாதாவிடம் இரண்டு விண்ணப்பம், அதில் எது கேட்கப்படும் என்று அவருக்குத் தெரியும். அவளுடையது கேட்கப்படாவிட்டாலும் கடல்தான். கடலில் இருந்து இனி யார் வரப்போகிறார்கள்.

ஸ்டூலில் உட்கார்ந்தார். நர்ஸ் பிள்ளைக்கு வயது இருபத்திரண்டு இருபத்து மூன்று இருக்கும், அவன் வயதுதான். கண் சிவந்திருந்தது, காலையிலிருந்து தகப்பன்மார் முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் பாவம். "பேரு?" என்று கேட்டாள்.

"அருளப்பன்."

"மகன்டெ பேரு?"

"ஜாக்சன்" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "எனக்க பேருதான் அவனுக்கும்" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை, இருந்தாலும் சரி என்று தலையாட்டினாள். ரப்பர் பட்டையை எடுத்துக்கொண்டு, "கையை நீட்டுங்க" என்றாள்.

அருளப்பன் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"ஒரு கை மதி, அப்பா. ஒண்ணு போதும்" என்றாள் அந்தப் பிள்ளை. அவர் இரண்டையும் நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் பக்கத்தில் இருந்த கையைப் பிடித்துப் பட்டையைக் கட்டினாள்.